நூற்றிருபது வினாடி

பொள்ளாச்சியிலிருந்து வால்பாறை ஏறும் மலைப்பாதையில் நாற்பது கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் எண் எழுதிப் பலகை நட்டிருக்கிறார்கள். ஒன்பதாவது வளைவில் எலுமிச்சம்பழத்தை மூக்கருகே கொண்டுபோன பூங்கோதை, முப்பத்தொன்றாவது வளைவு வரை அதை எடுக்கவேயில்லை. பக்கத்துச் சீட்டு அம்மாள் இரக்கப்பட்டு ஜன்னலோரத்தை விட்டுக்கொடுத்தார். "மொத தடவையா கண்ணு?" என்று கேட்டார். "ஆமாங்க" என்றாள். எதற்குப் போகிறாய் என்று அந்த அம்மாள் கேட்கவில்லை, நல்ல காலம். கேட்டிருந்தால் என்ன சொல்வது? ஒரு வீட்டில் மன்னிப்புக் கேட்கப் போகிறேன், கேட்ட கையோடு அந்த வீட்டு அம்மாவின் இதயத்தை நிறுத்திப் பார்க்கப் போகிறேன் என்றா?

விஷயம் இதுதான். நெஞ்சுக்குள் ஒரு பம்பு, இடுப்பில் டிபன் பாக்ஸ் அளவு ஒரு பெட்டி. இரண்டும் சேர்ந்தால் 'துணை', முழுச் செயற்கை இதயம். கோயம்புத்தூரில் பூங்கோதை வேலை பார்க்கும் கம்பெனி செய்வது. சொந்த இதயம் கைவிட்டுவிட்ட நானூற்றுச் சொச்சம் பேர் அதை வைத்துக்கொண்டுதான் நடமாடுகிறார்கள். பெட்டிக்குள் ஓடுவது லினக்ஸ் என்கிற கம்ப்யூட்டர் மென்பொருள். ஓடுகிற எதுவும் என்றைக்காவது ஒருநாள் திணறும். பெட்டியும் மாதத்துக்கு இரண்டு தடவை திணறி, ஒரு விசில் அடித்து, தன்னைத்தானே அணைத்துக்கொண்டு மறுபடி எழும். அது எழும்வரை பம்பு நிற்கும். எழுவதற்கு ஆறு வினாடி. ஆறு வினாடி என்றால் லேசாகத் தலை சுற்றும், அவ்வளவுதான்.

இது நகரத்தில் நடப்பது. சிக்னல் இல்லாத இடத்தில் அது எழ நூற்றிருபது வினாடி ஆனது. இரண்டு நிமிடம் ரத்தம் ஓடாமல் யார் உயிரோடு இருப்பார்? அதற்காக ஒவ்வொரு பெட்டியோடும் சாத்துக்குடி அளவில் பந்துபோல் ஒரு நீல ரப்பர் பம்பு கொடுத்திருந்தார்கள். விசில் கேட்டதும் பக்கத்தில் இருப்பவர் அதைப் பெட்டியில் சொருகி, நிமிடத்துக்கு எழுபது தடவை அமுக்க வேண்டும். அப்படி அமுக்குவதற்கென்றே ஒவ்வொருவருக்கும் ஓர் ஆள் பெயர் பதிவாகியிருக்கும். கம்பெனி பாஷையில் அவர் 'கை'.

ஒன்றரை வருடத்துக்கு முன்னால், பொள்ளாச்சி ஆஸ்பத்திரிக் கூடத்தில் பொதுமக்களுக்கென வைத்திருந்த கம்ப்யூட்டரிலிருந்து ஒரு பிழை அறிக்கை வந்தது. பதிவு செய்தவர்: அருளப்பன், கை. நோயாளி: பிலோமினா, வயது ஐம்பத்திரண்டு. பூங்கோதை பதினோரு வருடச் சர்வீஸில் அப்படியொரு அறிக்கையைப் பார்த்ததில்லை. எல்லோரும் "வேலை செய்யலை, உடனே கவனிக்கவும்" என்று எழுதுவார்கள். இதில் இப்படி இருந்தது:

'எழ 120 வினாடி ஆகிறது. ஒரு தடவைகூட 119 இல்லை, 121 இல்லை. ஆகவே இது தாமதம் அல்ல, காத்திருப்பு. இயந்திரம் யாருக்காகவோ காத்திருக்கிறது. யாருக்காக என்று கண்டுபிடிக்கவும். சரியானதா என்று சோதிக்கும் முறை: சிக்னல் இல்லாத வீட்டில், வேறு ஒருவரும் உடன் இல்லாதபோது, அது நின்று தானாக எழ வேண்டும்.'

படித்துவிட்டு, "யாருப்பா இந்த மனுசன்!" என்று வாய்விட்டே சொன்னாள். பாதி நோயை அவரே கண்டுபிடித்துவிட்டாரே. மீதியைக் கண்டுபிடித்து மென்பொருளில் திருத்தம் எழுதினாள். தன் மேசையில் இருந்த பெட்டியில் அதைப் போட்டு, சிக்னலைத் துண்டித்துவிட்டு, அணைத்து எழுப்பினாள். ஆறு வினாடி. பத்துத் தடவை பார்த்தாள், பத்துத் தடவையும் ஆறு. இந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு: திருத்தியவர் "சரியாகிவிட்டது" என்று சொல்லக் கூடாது. பிழையைச் சொன்னவர்தான் சொல்ல வேண்டும், அவர் எழுதிய முறைப்படியே சோதித்துப் பார்த்து. அதுவரை திருத்தம் காத்திருக்கும் அடுக்கில் கிடக்கும். பூங்கோதை கடிதம் போட்டாள், பதில் வரவில்லை. மலையில் தபால் மெல்லத்தான் போகும், கொஞ்சம் பொறுத்திருக்கலாம். பொறுக்கவில்லை. 'சரிபார்க்கப்பட்டது' என்று அவளே குறித்துவிட்டாள். நல்லதை எதற்குத் தள்ளிப்போட வேண்டும் என்ற நினைப்பு. 'இனி ஆறே வினாடி, ரப்பர் பம்பு தேவையில்லை' என்று எல்லோருக்கும் கடிதம் போனது.

ஆஸ்பத்திரியில் திருத்தத்தை ஏற்றிக்கொண்டு வந்தபின் பிலோமினா வீட்டில் அடுத்த விசில் அடித்தபோது, அருளப்பன் அந்தக் கடிதத்தை நம்பி ஆறு எண்ணினார். ஏழு, எட்டு. பன்னிரண்டில்தான் நீலப்பந்தைத் தேடி ஓடினார். அதற்குள் அந்த அம்மாள் மயங்கி விழுந்து, நெற்றி கட்டில் காலில் இடித்து நான்கு தையல். உயிர் பிழைத்தது அருளப்பனின் கை செய்த புண்ணியம். ஆஸ்பத்திரி அறிக்கை வந்த அன்று பூங்கோதை சாப்பிடவில்லை, மறுநாளும் சாப்பிடவில்லை. "நீலப்பந்தை எப்போதும் பக்கத்திலேயே வைத்திருங்கள்" என்று எல்லா வீட்டுக்கும் அவசரமாக மறுகடிதம் போனது.

தவறு எங்கே என்று தெரிய மூன்று மாதம் ஆயிற்று. அதையும் அவள் கண்டுபிடிக்கவில்லை. ஆபீஸ் சுவருக்கு வெள்ளையடிக்க வந்தவர் மேசையில் இருந்த கேபிள்களையெல்லாம் பிடுங்கி ஓரமாகப் போட்டார். அன்று, சிக்னல் துண்டித்தே வைத்திருந்த அவளுடைய பெட்டி எழ நூற்றிருபது வினாடி ஆனது.

மறுபடி திருத்தினாள். திருத்தம் மறுபடி அடுக்கில் ஏறியது. தொண்ணூறு நாளுக்குள் பிழை சொன்னவர் சோதித்துச் சொல்லாவிட்டால் கழித்துவிடுவார்கள். பிறகு முதலிலிருந்து அனுமதி வாங்கி வர ஒரு வருடம். மலையிலும் கடலோரத்திலுமாகச் சிக்னல் இல்லாத முப்பத்தேழு பேர் அந்த ஒரு வருடமும் ஒருவர் கையை நம்பி இருக்க வேண்டும். மூன்று கடிதம் போட்டாள், ஒன்றுக்கும் பதில் இல்லை. "போன தடவ மாதிரி நீயே டிக் போட்டுரு, யாரு கேக்கப்போறா?" என்றார் மேலாளர் சௌந்தர். "நான் கேப்பேனுங்க சார்" என்று சொல்லிவிட்டு, பொள்ளாச்சி இதய டாக்டரிடம் மூன்று தடவை நிறுத்திப் பார்க்க அனுமதிக் கடிதம் வாங்கிக்கொண்டு, காலை பஸ் ஏறிவிட்டாள். இன்று எண்பத்தெட்டாவது நாள்.

எஸ்டேட்டில் வரிசையாகக் கட்டியிருந்த லயன் வீடுகளில் ஒன்றின் தகரக் கூரையில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. கதவைத் திறந்தவர் ஐம்பத்தைந்து வயதிருக்கும், தடித்த தோள்காரர். கழுத்தில் ஜெபமாலையோடு ஒரு கயிறு, கயிற்றில் நீலப்பந்து. அடையாளம் கேட்கவே வேண்டாம்.

"அருளப்பன் அண்ணாங்களா? நான் கோயமுத்தூர்ல இருந்து வர்றேனுங்க. துணை கம்பெனி. பேரு பூங்கோதை."

அந்த மனிதரின் முகம் இறுகிப்போனது. "லெட்டர் போட்ட பொம்பளையா?"

"ஆமாங்கண்ணா. அந்த லெட்டர் போட்டவளேதானுங்க."

வெளியே போ என்று சொல்வார் என்றுதான் நினைத்தாள். உள்ளேயிருந்து, "மழையில நிக்க வச்சு என்ன விசாரணை? உள்ள வரச் சொல்லுங்க" என்று ஒரு குரல் வந்தது. வகுப்பில் கடைசி பெஞ்சு வரை கேட்டுப் பழகிய குரல். எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் இருபத்துநான்கு வருடம் கணக்கு டீச்சராக இருந்தவர் பிலோமினா. நெற்றியில் தையல் தழும்பு. இடுப்பில் பெட்டி. பேச்சுக்கு நடுவே 'டக், டக்' என்று பம்பின் சத்தம் கேட்டுக்கொண்டேயிருந்தது.

உட்கார்ந்ததும் பூங்கோதை தயாரித்து வைத்திருந்த வார்த்தைகளையெல்லாம் மறந்துவிட்டாள். "தப்பு என்னுதுங்க டீச்சர். நீங்க சோதிச்சுச் சொல்லாமயே நானா குறிச்சுட்டேன். மன்னிச்சிருங்க" என்றவள் அதற்குமேல் முடியாமல் அழுதுவிட்டாள்.

"அட, இவ என்ன!" என்று பதறிப்போனார் அருளப்பன். திட்டலாம் என்று நின்றிருந்தவர், பாவம், துண்டு எடுத்து நீட்டினார். அலமாரி மேல் மூன்று கடிதமும் பிரிக்காமலேயே கிடந்தன. "ஒங்க கம்பெனி கவரப் பாத்தாலே எனக்குக் கை ஒதறுதும்மா. ஒதறுற கைய வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது? என் கை நடுங்குனா இவ போயிருவாளே. அதான் பிரிக்கல" என்றார்.

தேநீர் வந்தது. குடித்தபடி பூங்கோதை சுற்றிலும் பார்த்தாள். வாசல் கதவு, அறைக் கதவு, பின்னால் குளியலறைக் கதவு, ஒன்றிலும் தாழ்ப்பாள் இல்லை. தாழ்ப்பாள் இருந்த இடங்களில் ஆணித் துளைகள் மட்டும் இருந்தன.

"நாந்தான் பிடுங்கிப் போட்டேன்" என்றார் அருளப்பன், அவள் பார்வையைக் கவனித்துவிட்டு. "மொத வருசம் இவ குளிக்கையில விசில் அடிச்சிருச்சு. உள்ள தாழ் போட்டிருந்தா. ஒடச்சுக்கிட்டுப் போனேன். அன்னைக்கே எல்லாத்தையும் பிடுங்கிட்டேன்." பதினெட்டு வருடம் இதே மலைப்பாதையில் அரசு பஸ் ஓட்டியவர். மூன்று வருடமாக ஸ்டியரிங்கைத் தொடவில்லை. மனைவிக்குப் பத்தடிக்கு அப்பால் போனதில்லை. கடைக்குப் போனாலும் இருவர், கோயிலுக்குப் போனாலும் இருவர். தூங்கும்போது இவர் மணிக்கட்டுக்கும் அவர் மணிக்கட்டுக்கும் ஒரு நாடா.

"சரி, எதுக்கு அந்தப் பெட்டி ரெண்டு நிமிசம் முழிச்சுக்கிட்டு நிக்குது? அதச் சொல்லு" என்றார்.

"எந்திரிச்சதும் அது ஆஸ்பத்திரியக் கூப்பிடுமுங்கண்ணா. மணி என்ன, டாக்டர் ஏதாச்சும் மாத்தியிருக்காரான்னு கேட்டுட்டுத்தான் பம்ப ஓட்டும். கல்யாண வீட்டுல மாப்பிள்ளை வீட்டார் வராம பந்தி போடமாட்டேன்னு உக்காந்திருக்கற மாதிரிங்க. டவுன்ல அவங்க ஒரு நொடில வந்துர்றாங்க. இங்க டவரே இல்ல, எங்கிருந்து வருவாங்க? ரெண்டு நிமிசம் வாசலப் பாத்துட்டு, இனி வரமாட்டாங்கன்னு தெரிஞ்சப்பறம்தான் சோறு போடும்."

"அதுக்குள்ள பசிச்சவன் செத்துப்போவானே?"

"அதுக்குத்தானுங்க திருத்தம். மொதல்ல சோறு. வர்றவங்க வர்றப்ப வரட்டும்."

"அப்பறம் மொத தடவ ஏன் கவுத்துச்சு?"

பூங்கோதை தலைகுனிந்துகொண்டாள். "மாப்பிள்ளை வீட்டுக்கு ரெண்டு வழிங்கண்ணா. ஒண்ணு சிக்னல், இன்னொண்ணு கேபிள். சிக்னலுக்குக் காத்திருக்காதேன்னு எழுதினேன். கேபிளுக்கும் அது காத்திருக்கும்னு மறந்துட்டேன். என் மேசைல பெட்டிக்கு எப்பவும் கேபிள் சொருகியே இருக்கும். அதனால எனக்கு எந்திரிச்சுது, உங்களுக்கு எந்திரிக்கல."

"ஒருத்தரும் உடன் இல்லாதபோதுன்னு எழுதியிருந்துச்சே" என்றார் பிலோமினா மெதுவாக. "உங்க பெட்டி தனியா இல்லையே. கேபிள் கூடவே இருந்திருக்கு."

பூங்கோதை நிமிர்ந்து பார்த்தாள். அருளப்பனும் பார்த்தார். "எங்க எழுதியிருந்துச்சு?"

"பிழை அறிக்கைலங்கண்ணா. நீங்க எழுதினீங்கல்ல, ஒன்றரை வருசம் முந்தி..."

"நானா? நான் கையெழுத்துப் போட்டாலே கோணலா விழும். என்ன அறிக்கை?"

பிலோமினா சேலைத் தலைப்பை இழுத்துச் சொருகிக்கொண்டார். "நான்தான் எழுதினேன். செக்கப்புக்குப் போனப்போ, இவர் மருந்து வாங்க வரிசைல நின்ன நேரத்துல. இவர் பேர்ல. கையோட பேர்ல எழுதினாத்தான் கம்ப்யூட்டர் ஏத்துக்குது."

"எங்கிட்ட சொல்லவேயில்லையே பிலோமி." அருளப்பன் மனைவியின் பக்கம் திரும்பினார். "நான் என்னைக்காவது சலிச்சுக்கிட்டேனா? ஒரு நாளாவது முகம் சுளிச்சேனா?"

"சுளிச்சிருந்தா நிம்மதியா இருந்திருப்பேன்" என்றார் பிலோமினா. "மூணு வருசமா ஒரு வார்த்தை சொல்லாம கூடவே இருக்கீங்க. ரோட்டுல பஸ் போனா, சத்தத்த வச்சு எத்தனாவது கியர்னு உங்க வாய் தன்னால சொல்லுது. நான் கேக்காத மாதிரி இருக்கேன். உங்களுக்கு உங்க வண்டி வேணும். எனக்கும் ஒண்ணு வேணும். சொன்னா உங்களுக்கு வலிக்கும்."

"சொல்லு."

"எனக்குக் கொஞ்ச நேரம் தனியா இருக்கணும். அவ்வளவுதான். யாரும் என் மூச்ச எண்ணாம."

அருளப்பன் எழுந்துபோய் ஜன்னல் பக்கம் நின்றார். பூங்கோதைக்குத் தான் அங்கே இருப்பதே தப்பு என்று தோன்றியது. அவர் திரும்பாமலேயே, "என்ன செய்யணுமோ செய்யிம்மா" என்றார்.

பெட்டியில் புதுத் திருத்தத்தைப் போட்டாள். போட்டதா என்று ஒரு தடவை பார்த்தாள், நம்பாமல் இன்னொரு தடவை பார்த்தாள். பெட்டியைச் சுற்றி ஒரு கேபிளும் இல்லை என்று தடவியும் பார்த்துக்கொண்டாள். முதல் சோதனைக்கு நீலப்பந்தைச் சொருகி, அருளப்பன் அதை உள்ளங்கையில் ஏந்தி, பிலோமினாவின் முகத்தையே பார்த்தபடி மண்டியிட்டார். பிலோமினா பெட்டியின் பொத்தானை அழுத்திப் பிடித்தார்.

விசில். சத்தம் நின்றது. அந்த வீட்டில் பம்பின் சத்தம் நின்றபோதுதான், அது எவ்வளவு பெரிய சத்தம் என்று பூங்கோதைக்குத் தெரிந்தது. மூன்று, நான்கு. பிலோமினாவின் உதடு வெளுத்தது. "இன்னும் அமுக்காம இருக்கேனே! அமுக்கவா?" என்று அருளப்பன் முனகினார். ஐந்து. ஆறு.

டக்.

"கர்த்தாவே!" என்று அவர் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். பூங்கோதை தன் நெஞ்சில் கைவைத்துப் பார்த்துக்கொண்டாள். உள்ளே அடிப்பது தன்னுடையதா அந்த அம்மாளுடையதா என்று சந்தேகம் வந்துவிட்டது.

கால் மணி நேரம் ஓய்வு. இரண்டாவது தடவை நீலப்பந்தைச் சொருகவில்லை, அது கழுத்திலேயே தொங்கியது. அருளப்பன் இரண்டு கையாலும் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஆறு வினாடி. "போதுமுங்க டீச்சர், ரெண்டு தடவ ஆயிருச்சு. சரிபார்த்தாச்சுன்னு அழுத்திருங்க" என்று டேப்லெட்டை நீட்டினாள் பூங்கோதை.

"சோதிக்கும் முறைல என்ன எழுதியிருக்கு? படிங்க."

பூங்கோதை டேப்லெட்டைத் தன் பக்கம் திருப்பினாள். "வேறு ஒருவரும் உடன் இல்லாதபோது..."

"படிச்சதச் செய்யணும்ல? போன தடவ அந்த ஒரு வரியத்தானே தாண்டிப் போனீங்க. டாக்டர் மூணு தடவைக்கு அனுமதி கொடுத்திருக்கார். ரெண்டு பேரும் வெளிய போங்க. எப்ப அமுக்குவேன்னு சொல்லமாட்டேன். கொஞ்சம் ஜெபம் பண்ணிட்டு அமுக்குவேன். நானாக் கூப்பிடுற வரைக்கும் வரக்கூடாது."

"அந்தக் கதையே வேண்டாம்" என்றார் அருளப்பன்.

"நீங்க இருந்தீங்கன்னா அது எந்திரிச்சுதா, நீங்க இருக்கற தைரியத்துல நான் இருந்தேனான்னு எனக்குத் தெரியாது. இந்த ஒரு கணக்க மட்டும் என்னையப் போடவிடுங்க."

அருளப்பன் கழுத்திலிருந்து கயிற்றைக் கழற்றி, நீலப்பந்தைக் கட்டிலில் மனைவியின் பக்கத்தில் வைத்தார். மனைவி மயங்கி விழுந்த நாளுக்குப் பிறகு அதைக் கழற்றியது அதுதான் முதல் தடவை. கயிறு உரசிய தடம் கழுத்தில் வெள்ளையாகத் தெரிந்தது.

இருவரும் வெளியே வந்து கூரை இறக்கத்தில் நின்றார்கள். தாழ் இல்லாத கதவு சும்மா சாத்தியிருந்தது. தகரத்தில் மழை அறைகிற அறையில் உள்ளே என்ன சத்தமும் கேட்கவில்லை. கோயம்புத்தூராக இருந்தால் டேப்லெட்டில் அந்தப் பெட்டி என்ன செய்கிறது என்று வினாடிக்கு வினாடி தெரியும். இங்கே அது எதையும் அனுப்பாது. நெட்வொர்க்குக்குக் காத்திருக்காதே என்று பெட்டிக்குச் சொல்லிக்கொடுத்தவள் இவள்தான். இப்போது காத்திருப்பது இவள்.

"இப்ப ஜெபம் பண்ணிட்டிருப்பா" என்றார் அருளப்பன்.

"ஆமாங்கண்ணா."

அவருடைய வலது கை காற்றை அமுக்கிக்கொண்டிருந்தது, நிமிடத்துக்கு எழுபது. அவருக்கே அது தெரியவில்லை. பூங்கோதை தான் எழுதிய ஒவ்வொரு வரியையும் மனதில் ஓட்டிப் பார்த்தாள். சிக்னல் சரி, கேபிள் சரி. மூன்றாவதாக ஏதாவது வழி இருக்கிறதா? தன் கண்ணில் படாத எது இந்த வீட்டில் இல்லை, தன் மேசையில் இருக்கிறது? அண்ணா உள்ளே போங்கள் என்று சொல்ல வாய் வந்தது. சொன்னால் சோதனை போச்சு. சொல்லாவிட்டால்... "ஆண்டவனே, அந்தம்மாவக் குடு. எனக்கு வேற எதுவும் வேண்டாம்" என்று வேண்டிக்கொண்டாள். கோயிலுக்குக் கூப்பிட்டால் நாளைக்கு நாளைக்கு என்று தட்டிக்கழிக்கிறவள் அவள்.

"இவ்வளவு நீள ஜெபம் அவ பண்ணமாட்டா" என்றார் அருளப்பன். இன்னும் கொஞ்ச நேரம் நின்றார். "பூசையில சாமியார் நீட்டினாலே வாட்சப் பாக்கறவம்மா அவ." அதற்குமேல் அவரால் ஆகவில்லை. கதவைத் தள்ளிக்கொண்டு ஓடினார். பின்னாலேயே பூங்கோதையும் ஓடினாள்.

பிலோமினா கட்டிலில் கால் தொங்கப்போட்டு, நிமிர்த்தி வைத்த தலையணையில் சாய்ந்து, ஜன்னல் வழியாக மழையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். டக், டக். கூந்தலை அவிழ்த்து விட்டிருந்தார். திரும்பிப் பார்த்தவர் முகத்தில் ஒரு சின்ன ஏமாற்றம்.

"அதுக்குள்ள வந்துட்டீங்களா? இன்னும் மூணு வினாடி இருக்கே."

"என்ன மூணு வினாடி? உசுரே போச்சு எங்களுக்கு! இன்னும் அமுக்கலையா நீ?"

"அது எப்பவோ அமுக்கியாச்சு. ஆறுல எந்திரிச்சுருச்சு. அதுக்கப்பறம் நான் எண்ண ஆரம்பிச்சேன். நூத்தி இருபதுல கூப்பிடலாம்னு இருந்தேன். நூத்திப் பதினேழுல வந்துட்டீங்க." அவர் சிரித்தார், சிரித்துக்கொண்டே அழுதார். "இந்த ரெண்டு நிமிசமும் மூணு வருசமா உங்க கையில இருந்துச்சு. எப்படி இருக்கும்னு ஒரு தடவ நானே வச்சுப் பாத்தேன்."

பூங்கோதை, பெட்டி தானே எழுதிவைக்கும் குறிப்பான லாகைப் பார்த்தாள். நின்ற நேரம், எழுந்த நேரம், இடையில் ஆறு வினாடி. அப்புறம் சீரான துடிப்பு. அவள் வாழ்க்கையில் படித்த லாகுகளிலேயே அழகானது அதுதான். "ரொம்ப நன்றிங்க டீச்சர்" என்றாள். அந்த வார்த்தை பற்றவில்லை. காலில் விழலாமா என்றுகூடத் தோன்றியது.

"எனக்கு எதுக்கு? தப்பு பண்ணினவங்க லெட்டர் போடுவாங்க. நீங்க நாப்பது வளைவு ஏறி வந்தீங்க. நாங்கதான் சொல்லணும்."

டேப்லெட்டில் பிலோமினா தன் விரலால் 'சரிபார்க்கப்பட்டது' என்பதை அழுத்தினார். சிக்னல் கிடைத்ததும் அது தானாகப் போய்விடும் என்றாள் பூங்கோதை. "இன்னொரு வழக்கமுங்க டீச்சர். திருத்தத்தோட ரெண்டு பேர் எழுதுவோம், பிழையச் சொன்னவங்க யாரு, சோதிச்சவங்க யாருன்னு. நானூத்துச் சொச்சம் பெட்டிக்குள்ளயும் அந்தப் பேரு இருக்கும். ரெண்டுலயும் உங்க பேரப் போடறேன்."

"சொன்னவங்கன்னு என் பேரப் போடுங்க. சோதிச்சவருன்னு இவர் பேரப் போடுங்க." பிலோமினா கணவரின் வலது கையை எடுத்து விரித்துக் காட்டினார். உள்ளங்கை முழுக்கக் காய்த்துக் கிடந்தது. "அறுபத்தொரு தடவ. ஒரு தடவைகூட இந்தக் கை விட்டதில்ல. நான் கணக்கு வச்சிருக்கேன்" என்றவர் கணவரின் பக்கம் திரும்பினார். "இத்தனை நாள் உங்ககிட்ட நன்றி சொல்லலங்க. சொன்னா, வேலைய முடிச்சு அனுப்பற மாதிரி ஆயிருமோன்னு பயம்."

அருளப்பன் அந்தக் கையாலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

மழை விட்டது. பூங்கோதை புறப்பட்டபோது பிலோமினா, "நீங்களும் கூடப் போயிட்டு வாங்க. பஜார்ல ஒரு சாமான் வாங்கணும்" என்று கணவரின் காதில் என்னவோ சொன்னார். அவர் தயங்கினார். வாசல்படியில் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார். மூன்றாவது தடவை திரும்பியபோது அந்த அம்மாள் கதவைச் சாத்திவிட்டார்.

எஸ்டேட் பஸ்ஸில் அருளப்பன் டிரைவருக்குப் பின் சீட்டில் உட்கார்ந்தார். டிரைவர் பழைய பழக்கம் போலிருக்கிறது, "அண்ணே, தனியாவா!" என்று கூவினார். அருளப்பன் ஆமென்று தலையாட்டினார். வளைவுகளில் அவருடைய கால், அங்கே இல்லாத பிரேக்கை மிதித்தது. வலது கை மட்டும் முழங்கால்மேல் சும்மா கிடந்தது.

பஜாரில் இறங்கியதும் பூங்கோதையின் பையில் இருந்து ஒரு சின்ன மணிச்சத்தம் கேட்டது. எடுத்துப் பார்த்தாள். போய்ச் சேர்ந்துவிட்டது. முப்பத்தேழு வீட்டுக்கும் இனி அவள் தைரியமாகக் கடிதம் எழுதலாம். 'ரப்பர் பம்பு தேவையில்லை' என்று மட்டும் அதில் எழுதக் கூடாது என்றும் இப்போது தெரியும்.

திரும்பினால் அருளப்பன் எதிரே இரும்புக்கடைப் படியில் நின்றுகொண்டிருந்தார். கடைக்காரர் கண்ணாடிப் பெட்டிமேல் மூன்று நான்கு தாழ்ப்பாள்களைப் பரப்பியிருந்தார். ஒவ்வொன்றாக எடுத்து, இழுத்து, விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார் அருளப்பன். பித்தளையில் ஒன்று பிடித்துப்போயிற்று.

"பாத்ரூம் கதவுக்கா? உள்பக்கம் போடறதா, வெளிப்பக்கம் போடறதா?" என்று கேட்டார் கடைக்காரர்.

அருளப்பன் அதை அந்தக் காய்த்த உள்ளங்கையில் வைத்துக் கனம் பார்த்தார்.

"உள்பக்கம்" என்றார்.